சொந்த வண்டி, சொந்தக் கை

ஆடி முதல் தேதி. கேணிப்பள்ளத்தில் விடிந்தும் விடியாததுமாக ஜனங்கள் முழங்கால் மாற்றிக்கொள்ள வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒரு ஜோடி முழங்கால் எடுத்தால் கணுக்கால் இலவசம். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்குப் பழைய முழங்காலில் ஒரு குறையும் கிடையாது. போன ஆடியில் வாங்கியதுதான். நிறம் பழசாகிவிட்டதாம். நிறம்! வேட்டிக்குள் கிடக்கிற முழங்காலுக்கு நிறம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

கேணிப்பள்ளம் செவ்வாய் கிரகத்தில் இருக்கிறது. என்றைக்கோ விண்கல் விழுந்து குழித்த பெரிய பள்ளம். அதன்மேல் கண்ணாடிக் கூரை. கூரைக்குக் கீழே காற்று, வீடு, கோயில், கல்யாண மண்டபம் எல்லாம். செவ்வாயின் ஓர் ஆண்டு பூமியின் ஆண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பன்னிரண்டு மாதங்களையும் அதற்குத் தக்கபடி இழுத்து நீட்டியதில் ஆடியும் இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. பஞ்சாங்கக்காரர்கள் இதனால் ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். வியாபாரிகளுக்குள் மட்டும் ஒரு கருத்து வேற்றுமையும் இல்லை.

தில்லைநாயகம் அந்த வரிசையில் நிற்கவில்லை. கூரைக் கண்ணாடியைத் துடைக்கும் இலாகாவில் மேற்பார்வை பார்ப்பவர். பிறந்தது முதல் ஒரு பல்லைக்கூட மாற்றிக்கொண்டதில்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. எதிரில் வருகிறவர்களிடம் வாயைத் திறந்து காட்டிவிடுவார். அவருடைய கவலை உடம்பைப் பற்றியதல்ல. சைக்கிளைப் பற்றியது.

ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு கவலையா என்று நினைப்பீர்கள். ஊர் வழக்கம் தெரிந்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள்.

கேணிப்பள்ளத்தில் நடந்த முதல் கல்யாணத்தன்று, பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் விண்கலத் துறைமுகத்திலிருந்து மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டிய வாகனம் படுத்துவிட்டது. பெண்ணின் அப்பா என்ன செய்வார், பாவம். மாப்பிள்ளையைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துச் சரிவில் இறக்கிக்கொண்டு வந்தார். அடுத்த கல்யாணத்தில் வாகனம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார், "அவங்கள மட்டும் சைக்கிள்ல அழைச்சீங்க, நாங்க என்ன இளப்பமா?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்றாம் தலைமுறைக்குள் அது சாஸ்திரமாகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு என்றால் பெண்ணின் அப்பா, சொந்த வண்டியில், சொந்தக் கையால் அழைத்துவர வேண்டும். இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

போன வருஷம் ஒரு மாப்பிள்ளை மூன்றாம் வளைவில் கேரியரிலிருந்து பறந்தார். செவ்வாயில் எடை குறைவு. பறந்தால் லேசில் இறங்கமாட்டார்கள். அவர் தரைக்கு வந்து சேர்ந்தபோது மனம் மாறியிருந்தது. வந்த வழியே ஊர் போய்ச் சேர்ந்தார்.

தில்லைநாயகத்தின் ஒரே மகள் மாதங்கிக்கு ஆவணியில் முதல் முகூர்த்தம். மாப்பிள்ளை இமயவன், செம்மேட்டுக் குடியிருப்பைச் சேர்ந்தவன். இரண்டு பேரும் ஆசைப்பட்டு நடக்கிற கல்யாணம். "அப்பா, அவர மட்டும் கீழ போட்டுடாதீங்கப்பா," என்று அவள் தினம் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். இப்போது சிரிப்பதில்லை.

காரணம் சைக்கிளின் ஃபோர்க். முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரட்டைக் கால் இருக்கிறதே, அதுதான். மலைச் சைக்கிள்களில் அந்தக் கால்கள் குழாய்க்குள் குழாயாக இருக்கும். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். சக்கரம் கல்லில் மோதினால் குழாய் உள்ளே அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எண்ணெய் வெளியே வராமல் ஒரு ரப்பர் வளையம் காக்கும். அதற்கு ஆயில் சீல் என்று பெயர். தில்லைநாயகத்தின் வண்டியில் அந்த வளையம் வெடித்து, எண்ணெய் கசிந்து போய், செம்மண் தூசி உள்ளே நுழைந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு கல்லுக்கும் டங்கு டங்கென்று அடித்தது. இங்கே எடைதான் மூன்றில் ஒரு பங்கு. கல்லில் மோதினால் வலி முழுப் பங்கு. பிரேக்கின் மேல் எப்போதும் இரண்டு விரலைத் தயாராக வைத்து ஓட்டியே பழகியவர் அவர். காபி டம்ளரைப் பிடித்தால்கூட அந்த இரண்டு விரலும் பிரேக்கைத் தேடி நீட்டிக்கொண்டு நிற்கும். அவரே இப்போது சரிவில் பாதி தூரம் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மாற்று மாளிகை ஊரிலேயே பெரிய கடை. கீழே வண்டி, முதல் மாடியில் உறுப்பு, இரண்டாம் மாடியில் பட்டுச் சேலை. வாசலிலேயே விற்பனை ரோபோ கும்பிட்டது.

"வாங்க சார், உள்ள வாங்க! என்ன பாக்கறீங்க?"

"ஃபோர்க்ல ஆயில் சீல் போயிடுச்சு. ஒரு ஜோடி வளையம் குடுத்தா நானே மாட்டிக்குவேன்."

ரோபோ குனிந்து பார்த்துவிட்டுச் சிரிப்பொலி எழுப்பியது. "வளையமெல்லாம் தனியா வராது சார். உள்ள திறக்கவே கூடாது. ஃபோர்க்காத்தான் எடுக்கணும்."

"சரி, ஃபோர்க்கே குடு."

"புது ஃபோர்க்குக்குக் கழுத்து தடிமன் சார். உங்க ஃபிரேம்ல ஏறாது. ஃபிரேமும் எடுத்துடுங்க."

"ம்."

"அந்த ஃபிரேமுக்கு இந்தச் சக்கரம் சின்னது."

"அப்போ சக்கரமும்?"

"சக்கரம், செயின், பிரேக். பெல் மட்டும் உங்களோடதையே வெச்சுக்கலாம் சார். அத நாங்க தொடமாட்டோம்."

தில்லைநாயகம் பெல்லைப் பார்த்தார். "ஆக மொத்தம் புது வண்டிங்கற. அதாச்சும் சொந்தமா இருக்குமா?"

"சொந்தம்னா?"

"வாங்கினா என்னோடதா இருக்குமான்னு கேக்கறேன்."

ரோபோ தனக்குள் தேடிப்பார்த்தது. அந்தச் சொல் அதனிடம் இல்லை. புது வண்டிகள் எல்லாம் சந்தாவில் வருபவை. சந்தா கட்டும்வரை தாமே ஓடும், கட்டாவிட்டால் தாமே கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடும். சொந்த வண்டி என்று சொல்லிக்கொள்ள ஊரில் மிச்சமிருந்தவை இப்படிப்பட்ட ஓட்டைச் சைக்கிள்கள்தான். அதை மாற்றினால் சம்பந்தி விடமாட்டார். சம்பந்தி பரஞ்சோதி சாஸ்திரத்தில் ஒரு எழுத்து விட்டுக்கொடுக்காதவர். நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலையின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று திசைகாட்டி வைத்துப் பார்த்த மனுஷன்.

"வண்டிய மாத்த முடியாது," என்றார் தில்லைநாயகம்.

"அதுக்கென்ன சார்," என்றது ரோபோ. "ஓட்டறவர மாத்திடலாம். மாடிக்கு வாங்க."

மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதிர்வுதாங்கிக் கைகள் வரிசையாக இருந்தன. முழங்கைக்குக் கீழே மாட்டுவது. கை தேவையா கால் தேவையா என்று தெரியாமல் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் சுற்றிலும் நெருக்கியடித்தார்கள். "வண்டி குதிச்சாலும் உங்களுக்குத் தெரியாது சார். முடி வெட்டற நேரந்தான். பழைய கையைக் குடுத்துட்டா முதல் வருஷச் சந்தா கிடையாது." ஒலிபெருக்கியில் ஒரு குரல், "ஆடித் தள்ளுபடி முடியப் போகிறது, முந்துங்கள், வேண்டுவோர் கையை உயர்த்துங்கள்," என்றது. ஆடி அன்றைக்குத்தான் பிறந்திருந்தது. அதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? ஒரு பல்லைக்கூட மாற்றாத தில்லைநாயகத்தின் வலது கை அவரைக் கேட்காமலே மேலே போயிற்று.

அவருடைய மனைவி அங்கயற்கண்ணி கதவைத் திறந்ததும் அவர் கையைத்தான் பார்த்தாள்.

"என்னங்க இது, கை பளபளன்னு இருக்கு?"

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வாஷர் போச்சுன்னு ரெண்டு கையையும் குடுத்துட்டு வந்தீங்களா? நல்லவேளை, செருப்பு வார் அறுந்துபோகல. கால வெட்டிக் குடுத்துட்டு வந்திருப்பீங்க."

"கல்யாணத்துக்காகத்தான் கண்ணி. மாப்பிள்ளை விழுந்துட்டா?"

"நல்லா வருது வாயில," என்று எழுந்து உள்ளே போனாள். போகும்போது புதுக் கையோடு வந்த அட்டைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். எதையும் தூக்கி எறியாதவள் அவள். குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் திருப்பிப் போடுவாள். அதுவும் தளர்ந்தால் குளிர்தண்ணீரில் போட்டுவைப்பாள்.

கை நல்ல கைதான், குறை சொல்லக்கூடாது. வண்டி டங்கென்று அடித்தால் முன்கை மெத்தென்று உள்ளே அமுங்கி மேலே வந்தது. சரிவில் மூன்றாம் வளைவைக்கூட இறங்காமலே கடந்தார். ஒரே தொந்தரவு, அது அடிக்கடி மேம்பாடு செய்துகொண்டது. ரசம் சாதத்தைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில், "வணக்கம். உங்கள் கை மேம்படுத்தப்படுகிறது. தயவுசெய்து அசைக்காதீர்கள்," என்று கையே சொல்லும். அவர் வாயைத் திறந்தபடி, உருண்டை நடுவானில் நிற்க, காத்துக்கொண்டிருப்பார். அங்கயற்கண்ணி அவரைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள்.

அந்த அட்டைப் பெட்டிக்குள் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியும், உபரியாக இரண்டு ரப்பர் வளையமும் இருந்தன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கை செய்கிற கம்பெனி வானத்திலிருந்து வித்தையைக் கொண்டுவரவில்லை. மூடிப்போன ஒரு சைக்கிள் தொழிற்சாலையை வாங்கி, அங்கே கிடந்த ஃபோர்க்கை நீளத்தில் மட்டும் குறைத்து, மேலே தோலைப் போர்த்தி விற்றது. அவ்வளவுதான் சமாசாரம்.

ஒரு நாள் அவர் ஆபீசுக்குப் போனபின் அங்கயற்கண்ணி சைக்கிளைக் கூடத்தில் கவிழ்த்துப் போட்டாள். கோபம் இன்னும் தீரவில்லை. எதையாவது திருகினால் தேவலை போலிருந்தது. இடுக்கியால் திருகினாள், கரண்டிக் காம்பால் நெம்பினாள். மிச்சமிருந்த கறுப்பு எண்ணெய் கூடம் முழுக்க ஓடியது. முதல் தடவை ஸ்பிரிங் துள்ளிக்கொண்டு போய்ப் பரணில் ஏறிக்கொண்டது. இரண்டாம் தடவை எல்லாம் மாட்டியபின் ஒரு திருகாணி மிச்சமிருந்தது. மூன்றாம் தடவை வெடித்த வளையம் இருந்த இடத்தில் புது வளையம் பொருந்தி உட்கார்ந்தது. எண்ணெயை ஊற்றி மூடினாள். ஹேண்டில்பாரைப் பிடித்து அமுக்கினாள். உஸ்ஸென்று இறங்கி, மெதுவாக ஏறியது.

அன்று மாலை தில்லைநாயகம் சரிவில் வண்டியை விட்டவர், வெளிறிப்போய் வீடு திரும்பினார். வண்டியும் அமுங்குகிறது, கையும் அமுங்குகிறது. இது மேலே வரும்போது அது கீழே போகிறது. ஹேண்டில்பார் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டார்.

"ஃபோர்க்க என்ன பண்ணின?"

"சரி பண்ணினேன்."

"ஐயையோ! மறுபடி அந்த வளையத்தக் கழட்டிடு."

"ஏங்க, நல்லா இருக்கிறத கெடுக்கச் சொல்றீங்களா? போய் உங்க கைய வாங்கிட்டு வாங்க."

அமுங்காமல் பூட்டிவைக்கும் வசதி கையில் இருக்கிறதா என்று கடையில் கேட்டார். இருக்கிறது, ஆனால் மேல்சந்தாவில் மட்டும், அதுவும் அடுத்த ஆடியில்தான் வருகிறது என்றது ரோபோ. பழைய கையையாவது கொடு என்றார்.

"அது அன்னைக்கே போயிடுச்சு சார். அசல் கை, பழக்கத்தோட வர்றது. அதுக்கு இப்போ ஏக கிராக்கி. இன்னும் ரெண்டு மூணு ஜோடி இருந்தா கொண்டாங்க."

தில்லைநாயகம் கடை வாசலில் நின்று அழுதார். வெட்கமில்லாமல் அழுதார். மகள் கல்யாணம் நின்றுவிடும் என்பது ஒரு பக்கம். அந்தக் கை எங்கே, எவன் வீட்டில், என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்பது இன்னொரு பக்கம்.

ஆவணி பிறந்தது. முகூர்த்த நாளும் வந்தது. விண்கலத் துறைமுகத்தில் மேளம் முழங்க, சம்பந்தி பரஞ்சோதி குடும்பத்தோடு இறங்கினார். மாலையும் கழுத்துமாக இமயவன். சரிவின் உச்சியில் சைக்கிள் சந்தனம் குங்குமத்தோடு தயாராக நின்றது. அதன் பக்கத்தில் தில்லைநாயகம், அடிபட்ட கோழி போல. ஆனது ஆகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு சம்பந்தியின் கையைப் பற்றிக் குலுக்கினார்.

"வணக்கம்," என்றது அவருடைய கை. "உங்கள் கை மேம்படுத்தப்படுகிறது. தயவுசெய்து அசைக்காதீர்கள்."

மேளம் நின்றுவிட்டது.

"சம்பந்தி," என்றார் பரஞ்சோதி மெதுவாக, "உங்க கை பேசுது."

"ஆமாம்… கொஞ்சம்…"

"சந்தாக் கையா? சொந்தக் கைன்னுதானே சாஸ்திரம்? கம்பெனிக்காரன் கையால எம்பையன அழைச்சிட்டுப் போகவா இவ்வளவு தூரம் வந்தோம்? டேய், மூட்டையை ஏத்துங்கடா!"

மாதங்கி மண்டபத்தில் காத்துக்கொண்டிருப்பாள். தில்லைநாயகத்துக்கு நாக்கு எழவில்லை. கையும் எழவில்லை.

அங்கயற்கண்ணிதான் காபி டம்ளரை நீட்டினாள். "அண்ணே, கோவப்படாதீங்க. முதல்ல இதச் சாப்பிடுங்க."

கோபம் இருந்தாலும் காபியை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பதும் சாஸ்திரம். பரஞ்சோதி வாங்கிக்கொண்டார். டம்ளரைப் பிடித்த கையில் இரண்டு விரல்கள் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றன.

அங்கயற்கண்ணி அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு முன்பின் யோசிக்காமல் சம்பந்தியின் இன்னொரு கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலின் அடியில், செயினில் மாட்டிக் கிழிந்த தழும்பு.

"அண்ணே, இந்தக் கைய எங்க வாங்கினீங்க?"

"மாற்று மாளிகையில, தங்கச்சி. அசல் கை! கல்யாணத்துக்குன்னு வரவழைச்சேன். இதுல ஒரு தனி கம்பீரம் இருக்கு, பாரு."

"கம்பீரமா? இது எங்க வீட்டுக்காரர் கைண்ணே! இந்தக் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் அக்கினிய வலம் வந்தேன்."

அப்புறம்தான் தான் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பட்டென்று விட்டாள். பரஞ்சோதியின் மனைவி அந்தக் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புருஷனிடமிருந்து நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

"இப்போ என்ன கெட்டுப்போச்சு?" என்றாள் அங்கயற்கண்ணி. "பொண்ணோட அப்பாவுக்குச் சொந்தமான வண்டி, பொண்ணோட அப்பாவோட சொந்தக் கை. ரெண்டும் இங்கதான் இருக்கு. ஏறுங்க அண்ணே."

எல்லாரும் கூட வந்திருந்த புரோகிதரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, சாஸ்திரம் கையைப் பற்றித்தான் பேசுகிறது, அந்தக் கை எந்த உடம்பில் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை என்றார். சாஸ்திரம் என்றபின் பரஞ்சோதி என்ன பேச முடியும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

இமயவன் கேரியரில் உட்கார்ந்தான். "அப்பா, உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுடா. கைக்குத் தெரியும்னு சொல்றாங்க."

வண்டி சரிவில் பாய்ந்தது. பரஞ்சோதி போட்ட கூச்சலில் கூரைக் கண்ணாடி அதிர்ந்தது என்பார்கள். ஆனால் கை பதறவில்லை. இரண்டு விரல்கள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தன. முதல் வளைவில் வண்டி சாய்ந்தது. இரண்டாம் வளைவில் நிமிர்ந்தது. மூன்றாம் வளைவின் பெரிய கல்லில் முன்சக்கரம் ஏறியபோது ஃபோர்க் உஸ்ஸென்று இறங்கி, மெதுவாக ஏறியது. இமயவனின் மாலையில் ஒரு பூக்கூட உதிரவில்லை.

மேலே நின்ற தில்லைநாயகம் தன்னுடைய வண்டியில் தன்னுடைய கைகள் தான் இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணைத் துடைக்கலாம் என்று பார்த்தார். கை இன்னும் மேம்பட்டுக்கொண்டிருந்தது. அங்கயற்கண்ணிதான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கேணிப்பள்ளத்தில் இப்போதெல்லாம் சம்பந்திகள் கல்யாணத்துக்கு முன்பே கையை மாற்றிக்கொள்கிறார்களாம். அப்படிச் செய்யாவிட்டால் முறையில்லை என்கிறார்கள். பரஞ்சோதிக்கு மட்டும் அந்தக் கை ஒத்துவரவில்லை. யாரையாவது திட்ட வாயெடுத்தால் விரல்கள் தாமாகப் பிரேக் பிடித்தன. வாயும் கூடவே நின்றுவிட்டது. திட்டாமல் அவரால் எத்தனை நாள் இருக்க முடியும்? மறுவீட்டுக்கு வந்தபோது, "சீரா வெச்சுக்குங்க சம்பந்தி," என்று கையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சம்மதித்தார்.

எல்லாரும் மாற்று மாளிகைக்குப் போனார்கள். வாசலில், "மக்களின் அன்பான வேண்டுகோளுக்கு இணங்க ஆடித் தள்ளுபடி ஆவணியிலும்! இன்றே கடைசி!" என்று எழுதியிருந்தது. போன வாரமும் அதேதான் எழுதியிருந்தது. அரைமணியில் பரஞ்சோதி சந்தாக் கைகளை மாட்டிக்கொள்ள, தில்லைநாயகம் சொந்தக் கைகளோடு படியிறங்கினார். விரல்களை மடக்கினார், நீட்டினார், தழும்பைத் தடவினார். அங்கயற்கண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை யாரும் முறைக்கவில்லை.

கீழே சைக்கிள் சாய்த்துவைத்தபடி நின்றது. ஃபோர்க் சரியாக இருந்தது, கை சரியாக இருந்தது. உலகத்தில் அவருக்கு வேண்டியது என்று ஒரு துரும்பும் பாக்கியில்லை.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "பழைய மலைச் சைக்கிளைக் கொடுங்கள், புத்தம் புதிய ஃபோர்க்கோடு புது வண்டியை எடுத்துச் செல்லுங்கள்! இந்த ஒரு நாள் மட்டும்! வேண்டுவோர் கையை உயர்த்துங்கள்!"

அங்கயற்கண்ணியின் பிடியிலிருந்து அவருடைய கை நழுவியது. திரும்பிப் பார்த்தாள். அது நேராக, உச்சிவரைக்கும் உயர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"என்னங்க," என்றாள் திகைத்துப்போய், "மறுபடியும் மேம்பாடா?"

"இல்ல கண்ணி," என்றார் தில்லைநாயகம். "இது என் சொந்தக் கை."